ஃப்ரீமான்ட் பாலம் ஏன் ரீங்கரிக்கிறது?

சியாட்டலில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஃப்ரீமான்ட் தூக்குப்பாலத்தில் கார் ஏறியதும் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வருகிறதே, டயரில் கோளாறா?" டயரில் ஒன்றுமில்லை. பாடுவது பாலம்தான்.

ஏரிகளைக் கடலோடு இணைக்க வெட்டிய கால்வாயின் குறுக்கே 1917-இல் திறந்த பாலம் அது. நீருக்கு மேலே சுமார் 9 மீட்டர்தான் இடைவெளி. பாய்மரம் அதைவிட உயரமென்றால் சாலை பிளந்து மேலே எழ வேண்டும். சராசரியாக நாளுக்கு 35 தடவை எழுகிறது. படகு ஒரு நெட்டூதலும் ஒரு குற்றூதலும் கொடுக்கும். பாலமும் அப்படியே ஊதினால் வழி உண்டு. ஐந்து குற்றூதல் என்றால் இப்போது முடியாது.

தூக்குவது மோட்டார் என்றாலும் சுமப்பது எதிரெடை. நம் கிணற்று ஏற்றத்தின் பின்முனையில் கல் கட்டுவார்களே, அதே கணக்கு. ஆனால் இங்கே பின்கை குட்டை. முன்கை அதைவிட நான்கு மடங்கு நீளம் என்று வைத்துக்கொண்டால், முன்னால் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் பின்னால் நான்கு டன் வேண்டும். ஆகவே சாலைத்தளத்தில் எடையைக் குறைத்தே தீர வேண்டும். கான்கிரீட்டுக்குப் பதில் இரும்புக் கிராதி போட்டது அதனால்தான். மழைநீரும் காற்றும் அதன் வழியே போய்விடும்.

இனி சத்தம். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். டயர் நொடிக்கு 100 கம்பிகளைத் தட்டும். நொடிக்கு இருபதைத் தாண்டினாலே காது தட்டல்களைத் தனித்தனியாகப் பிரிக்காது, ஒரே சுரமாகக் கேட்கும். ஆக 100 ஹெர்ட்ஸ். வேகத்தைப் பாதியாக்கினால் 50. சரியாக ஒரு ஸ்தாயி கீழே. பேருந்து ஒன்று பிரேக் பிடித்தபடி பாலத்தைக் கடந்தால் சுரம் வழுக்கி இறங்கும். காது பழகியவர் கண்ணை மூடிக்கொண்டே எது வேகமாகப் போகிறது என்று சொல்லிவிடலாம். எனக்கு இது போக்குவரத்துத் துறை இலவசமாகத் தரும் கச்சேரி.

'இடைவெளியை கான்கிரீட்டால் அடைத்தால் சத்தம் நிற்குமே' என்பார்கள். குறையும்தான். ஆனால் அடைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் பின்னால் கூடுதல் எதிரெடை வைக்க இடம் தேட வேண்டும். மழையில் சைக்கிள் வழுக்குவதற்காகக் கிராதியைத் திட்டுங்கள், அது நியாயம்.