கரண்ட் போய் வந்தப்புறம் சர்வர் ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?

கரண்ட் வந்துடுச்சு, ரேக்ல மத்த மெஷின் எல்லாம் ஓடுது, ஒரு சர்வர் மட்டும் வரல. உடனே எல்லாரும் "என்ன போச்சு"ன்னு தேட ஆரம்பிச்சுடுறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது "எங்க வந்து நிக்குது"ங்கறதைத்தான். ஏன்னா பூட் ஆகறதுங்கறது ஒரே வேலை கிடையாது, பவர் சப்ளை மதர்போர்டுகிட்ட ஒப்படைக்கும், மதர்போர்டு ஃபர்ம்வேர்கிட்ட (போர்டுலயே பதிஞ்சிருக்கற ஆரம்ப மென்பொருள், பயோஸ்னும் சொல்வாங்க), அது பூட்லோடர்கிட்ட (கெர்னலை ஏத்தி விடற சின்ன புரோகிராம்), அது கெர்னல்கிட்ட (லினக்ஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்), கெர்னல் டிஸ்கை மவுன்ட் பண்ணி, அதாவது படிக்க எழுத இணைச்சு, கடைசியா சர்வீஸ் எல்லாத்தையும் கிளப்பும். ஒருத்தர் வேலை முடிஞ்சாதான் அடுத்தவருக்குப் போகும். அதனால எங்க நின்னுச்சோ அதுக்கு முன்னாடி உள்ளது பெரும்பாலும் நல்லா இருக்குன்னு அர்த்தம், அங்கெல்லாம் கையை வைக்க வேண்டாம்.

பட்டனை அமுக்கினா ஃபேன் லேசா ஒரு சுத்து சுத்தி நின்னுடுதுன்னா பவர் சப்ளையைப் பாருங்க. உள்ள ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், வர்ற ஏசியை டிசியா மாத்தி 400 வோல்ட் பக்கத்துல அதுலதான் தேக்கி வைக்கும். கரண்ட் போனா அந்தத் தேக்கத்தை வச்சு சுமார் 16 மில்லி செகண்ட் ஓட்டும், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஒரு முழு அலைக்கே 20 மில்லி செகண்ட் ஆகும்னு பாத்தா இது எவ்வளவு குறைச்சல்னு புரியும். கெப்பாசிட்டருக்குள்ள இருக்கற திரவம் வருஷக்கணக்கா சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா காஞ்சுகிட்டே வரும், 10 டிகிரி சூடு ஏறினா ஆயுசு பாதியாகும்னு எலக்ட்ரானிக்ஸ்ல ஒரு கணக்கு உண்டு. காய காய அதோட உள் எதிர்ப்பு கூடும், குளிர்ந்திருக்கும்போது இன்னும் கூடும். இதனாலதான் மூணு நாலு வருஷமா நிக்காம ஓடின சர்வர் சூட்டோட சூடா ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு தடவை நின்னு ஆறிட்டா திரும்ப கிளம்பாமப் போகலாம். கரண்ட் போனது அதைக் கெடுக்கல, ஏற்கெனவே கெட்டிருந்ததை வெளிய கொண்டு வந்துச்சு, அவ்வளவுதான். இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ சொல்றதுலயும் பாதி இதே கதைதான்.

இன்னொண்ணு, பவர் சப்ளை எல்லா வோல்டேஜும் நிலையாச்சுன்னு மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும், பவர் குட்னு பேரு, ஏடிஎக்ஸ் தரத்துல அது 100ல இருந்து 500 மில்லி செகண்டுக்குள்ள வரணும். அது வரலன்னா சிபியு ரீசெட்லயே உக்காந்திருக்கும், ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. ரெண்டு பவர் சப்ளை இருக்கற சர்வரா இருந்தா ஒவ்வொண்ணா கழட்டி மத்ததை வச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை, பதில் தெளிவா கிடைச்சுடும்.

சர்வர் ஆஃப்ல இருந்தாலும் கேபிள் மாட்டியிருந்தா போர்டுல ஸ்டாண்ட்பை கரண்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதுல பிஎம்சின்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் தனி பிராசசர், தனி மெமரியோட முழிச்சுக்கிட்டு இருக்கும். வோல்டேஜ் மேலயும் கீழயும் ஆடினதுல அதுவே குழம்பிப் போய், பட்டனை அமுக்கினாலும் கண்டுக்காம இருக்கும். அப்போ எல்லா பவர் கேபிளையும் பிடுங்கிட்டு பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சீங்கன்னா மிச்சம் இருக்கற சார்ஜ் எல்லாம் வடிஞ்சு அது முதல்ல இருந்து ஆரம்பிக்கும். மந்திரம் மாதிரி தெரியும், ஆனா நிஜமாவே வேலை செய்யற வழி. பிஎம்சி முழிச்சுக்கிட்டா அதோட ஈவென்ட் லாகை உடனே படிங்க, எந்த வோல்டேஜ் எப்போ விழுந்துச்சு, எந்த மெமரி ஸ்லாட் குறை சொல்லுதுன்னு அதுல இருக்கும்.

அடுத்து ஸ்கிரீன் வருது, ஆனா பூட் டிவைஸ் இல்லங்குது. டிஸ்க் போச்சுன்னு பதறுறதுக்கு முன்னாடி அந்த ஸ்கிரீன்லயே தேதியைப் பாருங்க. பல வருஷம் பின்னாடி காட்டுதுன்னா போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி செத்துடுச்சு. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட், அவ்வளவு சின்ன வில்லை. அதுதான் நொடிக்கு 32,768 தடவை அதிர்ற குவார்ட்ஸ் படிகத்துக்கு கரண்ட் கொடுத்து கடிகாரத்தை ஓட்டுது (2ஐ 15 தடவை பெருக்கினா வர்ற எண் அது, 15 தடவை பாதியாக்கினா சரியா நொடிக்கு ஒரு துடிப்பு). கேபிள்ல கரண்ட் இருக்கற வரைக்கும் ஸ்டாண்ட்பைல இருந்தே கடிகாரம் ஓடிடும், பேட்டரி செத்தது யாருக்கும் தெரியாது. பல போர்டுல அதோட செட்டிங்கும் பழைய நிலைக்குப் போயிடும், ரெய்ட்னு (பல டிஸ்கை ஒண்ணா சேத்து ஓட்டற முறை) இருந்தது ஏஹெச்சிஐன்னு (டிஸ்கைத் தனித்தனியா பாக்கற முறை) மாறும், யூஈஎஃப்ஐன்னு (புது பூட் முறை) இருந்தது லெகசின்னு (பழைய பூட் முறை) மாறும், டிஸ்க் முழுசா நல்லா இருந்தும் சர்வருக்குக் கண்ணு தெரியாது. பேட்டரியை மாத்தி, செட்டிங்கை சரி பண்ணி, தேதியையும் சரி பண்ணிடுங்க, தேதி தப்பா இருந்தா சர்டிஃபிகேட் எல்லாம் செல்லாதுன்னு அப்புறம் வேற ரூபத்துல படுத்தும்.

இப்போ டிஸ்க். கரண்ட் போனா ஹார்ட் டிஸ்க் ஹெட் தட்டு மேல விழுந்து கீறிடும்னு நிறைய பேர் நம்புறாங்க, அது ரொம்ப பழைய காலம். இப்போ உள்ள டிஸ்க்ல தட்டு சுத்திக்கிட்டு இருக்கற வேகத்தையே வச்சு அந்த மோட்டாரை ஜெனரேட்டர் மாதிரி பயன்படுத்தி அந்தக் கடைசி கரண்ட்ல ஹெட்டை பத்திரமா ஓரம் கட்டிடும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவமைப்பு இது. நிஜமான ஆபத்து கேஷ்ல, அதாவது டிஸ்க் டேட்டாவைத் தற்காலிகமா வச்சுக்கற மெமரியில இருக்கு. எழுதியாச்சுன்னு டிஸ்க் பதில் சொன்ன டேட்டா இன்னும் அதோட மெமரியிலயே நின்னுக்கிட்டு இருக்கலாம், கரண்ட் போனா அது அப்படியே ஆவி. எஸ்எஸ்டியில இன்னும் ஒரு படி மேல, எந்த பிளாக் எந்த ஃபிளாஷ் செல்ல இருக்குங்கற மேப்பே மெமரியில ஓடிக்கிட்டு இருக்கும், அதனாலதான் சர்வருக்குன்னு செய்யற எஸ்எஸ்டி பலதுல தனியா கெப்பாசிட்டர் வரிசை வச்சு, கரண்ட் போனதும் அதை எழுதி முடிக்கற அளவுக்கு சக்தி சேத்து வைக்கறாங்க. விலை குறைவான டெஸ்க்டாப் எஸ்எஸ்டியை சர்வர்ல போடாதீங்கன்னு சொல்றதுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு ஃபைல் கடைசியில நாலு வரி சேக்க புது பிளாக் தேவைப்பட்டா ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வைக்கற அமைப்பு) குறைஞ்சது மூணு இடத்துல எழுதணும், காலி பிளாக் எதுங்கற கணக்கு, ஃபைலோட ஐநோட் (அதோட அளவு, அது எந்த பிளாக்ல இருக்குங்கற குறிப்பு), அப்புறம் டேட்டா. நடுவுல கரண்ட் போனா ஒரு கணக்கு இன்னொண்ணோட ஒத்துப் போகாது. இதுக்குத்தான் ஜர்னல். செய்யப் போறதை முதல்ல ஜர்னல்ல எழுதி, முடிஞ்சதுன்னு ஒரு முத்திரையும் போட்டுட்டு, அப்புறம்தான் நிஜ இடத்துல எழுதும். திரும்ப மவுன்ட் ஆகும்போது முத்திரை இருக்கற வேலையை மறுபடி செய்யும், முத்திரை இல்லாததை நடக்கவே இல்லன்னு விட்டுடும். லினக்ஸ்ல இந்த யோசனையை ஸ்டீஃபன் ட்வீடி 1998ல முன்வச்சார், 2001 நவம்பர்ல 2.4.15 கெர்னல்ல எக்ஸ்ட்3ங்கற ஃபைல் சிஸ்டமா வந்துச்சு. இப்போ உள்ள எக்ஸ்ட்4ல வழக்கமா 5 செகண்டுக்கு ஒரு தடவை ஜர்னலை டிஸ்குக்குத் தள்ளும். ஆனா ஜர்னல் காப்பாத்தறது பெரும்பாலும் கணக்கை மட்டும்தான், உங்க ஃபைலுக்குள்ள இருந்த கடைசி நாலு வரிக்கு அது பொறுப்பு எடுத்துக்காது. அது மட்டுமில்லாம ஜர்னல் சரியா இருக்கணும்னா டிஸ்க் சொன்ன வரிசையில எழுதியிருக்கணும், கேஷ்ல டிஸ்க் பொய் சொல்லியிருந்தா ஜர்னலும் கைவிடும்.

அப்போதான் இனிட்ராம்எஃப்எஸ்னு (டிஸ்க் மவுன்ட் ஆகறதுக்கு முன்னாடி மெமரியில ஓடற குட்டி சிஸ்டம்) ஒரு கறுப்பு ஸ்கிரீன் வந்து, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபாக்கற எஃப்எஸ்சிகேயை நீயே கையால ஓட்டுன்னு சொல்லி கர்சர் மினுக்கிக்கிட்டு நிக்கும். இங்க எல்லாக் கேள்விக்கும் "ஆமா"ன்னு பதில் கொடுக்கற ஆப்ஷனைப் போட்டு என்டர் தட்டற பழக்கம் எனக்கு சுத்தமா உடன்பாடு இல்ல. எஃப்எஸ்சிகேயோட வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தறது, உங்க டேட்டாவை மீக்கறது அதோட வேலை கிடையாது, ஒத்து வராத ஐநோடை வெட்டி எறிஞ்சுட்டு எல்லாம் சரின்னு சொல்லிடும். முதல்ல ஸ்மார்ட் ரிப்போர்ட்டை (டிஸ்க் தன் நிலைமையைப் பத்தி தானே வச்சிருக்கற குறிப்பு) பாருங்க, 197ஆம் எண்ல படிக்க முடியாம காத்திருக்கற செக்டர் எண்ணிக்கை இருக்கும். அது பூஜ்யம் இல்லன்னா வேற எதையும் ஓட்டாம டிடிரெஸ்க்யூங்கற புரோகிராமைப் போட்டு டிஸ்கை முழுசா இன்னொரு டிஸ்குக்கு காப்பி எடுத்து, காப்பி மேல வேலை செய்யுங்க. டிஸ்க் நல்லா இருந்தாலும் முதல் ஓட்டம் எதையும் எழுதாம படிக்க மட்டும் செய்யற மாதிரி ஓட்டிப் பாருங்க, அது எவ்வளவு நீளமா குறை சொல்லுதுன்னு பாத்து முடிவு பண்ணலாம். எக்ஸ்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டமா இருந்தா ரிப்பேர் கமாண்ட், லாக்ல (அதோட ஜர்னல்) வேலை மிச்சம் இருக்கு, மவுன்ட் பண்ணி அதை முடிச்சுட்டு வான்னு மறுக்கும், அது சொல்றதைக் கேளுங்க. லாகை அழிக்கற ஆப்ஷன் வேற வழியே இல்லாதப்போதான்.

ரெய்ட் 5ல ஒரு சங்கடம். டேட்டாவும் பாரிட்டியும் (ஒரு டிஸ்க் போனா அதுல இருந்ததைத் திரும்பக் கணக்கிட வைக்கற கூடுதல் தகவல்) வேற வேற டிஸ்க்ல எழுதறதால ஒண்ணு எழுதி இன்னொண்ணு எழுதறதுக்குள்ள கரண்ட் போனா ரெண்டும் ஒத்துப் போகாது, கூடவே ஒரு டிஸ்கும் போயிருந்தா லினக்ஸ் அந்த அர்ரேயை (சேத்து வச்ச டிஸ்க் தொகுப்பு) கிளப்பவே மாட்டேன்னு நிக்கும். பிடிவாதம் இல்ல, எது உண்மைன்னு அதுக்கே தெரியாததால நிக்குது. ஹார்ட்வேர் கன்ட்ரோலரா இருந்தா ஃபாரின் கான்ஃபிக்னு (தன்கிட்ட பதிவாகாத ரெய்ட் அமைப்பு டிஸ்க்ல இருக்குன்னு அர்த்தம்) ஒண்ணு காட்டி இம்போர்ட்டா கிளியரான்னு கேக்கும், அங்க அவசரப்பட்டு கிளியர் கொடுத்தா டிஸ்க்ல இருக்கற ரெய்ட் விவரமே அழிஞ்சுடும்.

எமர்ஜென்சி மோட்ல (கமாண்ட் அடிச்சு சரி பண்ண மட்டும் விடற நிலை) வந்து நின்னா மனசைத் தேத்திக்கலாம், ரூட் டிஸ்க், அதாவது சிஸ்டம் இருக்கற முக்கிய டிஸ்க், மவுன்ட் ஆயிடுச்சு. பெரும்பாலும் எஃப்எஸ்டாப்ல (எந்த டிஸ்கை எங்க மவுன்ட் பண்ணணும்ங்கற பட்டியல்) எப்பவோ எழுதி வச்ச, இப்போ இல்லாத ஒரு டிஸ்குக்காக 90 செகண்ட் காத்திருந்து கைவிட்டிருக்கும். யாரோ ஒருத்தர் பல மாசம் முன்னாடி மாத்தி ரீபூட் பண்ணிப் பாக்காம விட்டது இன்னைக்கு பல்லைக் காட்டும். அந்த வரியில நோஃபெயில்ங்கற ஆப்ஷனைச் சேத்தா தாண்டிப் போயிடும். கெர்னல் அப்டேட் ஓடும்போதே கரண்ட் போயிருந்தா பூட்லோடர் மெனுவுல பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏறிடுங்க, அப்டேட்டை அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம்.

ஏறின உடனே பயோஸ்ல, கரண்ட் திரும்பினா என்ன செய்யணும்ங்கற செட்டிங்கையும் பாத்துடுங்க. உடனே ஆன் ஆகற மாதிரி இருந்தா, யூபிஎஸ் பேட்டரி காலியா இருக்கற நேரத்துலயே சர்வர் எழுந்து ஜர்னலைத் திரும்ப ஓட்ட ஆரம்பிக்கும், ரெய்ட் ரீசிங்க் (டிஸ்க் எல்லாத்தையும் மறுபடி ஒத்துப் போக வைக்கற வேலை) ஓடும், டேட்டாபேஸ் தன் லாகை வச்சு மீண்டுக்கிட்டு இருக்கும், அந்த நேரம் பாத்து கரண்ட் மறுபடி போனா தாங்கறதுக்கு யூபிஎஸ்ல ஒண்ணும் இருக்காது. பல யூபிஎஸ்ல பேட்டரி இத்தனை சதவீதம் ஏறின பிறகுதான் வெளிய கரண்ட் விடணும்னு ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போட்டுட்டு, ரேக்ல இருக்கற மெஷின் எல்லாம் ஒரே நொடியில கிளம்பி பிரேக்கரைத் தட்டிவிடாத மாதிரி ஒவ்வொண்ணுக்கும் சில செகண்ட் இடைவெளி வச்சுடுங்க.