ஆங்கில எழுத்தை நம்பி எபிரேயம் வாசிக்காதீர்கள்

போன வாரம் ஒரு பாடகர் குழு தங்கள் ஒலிப்பதிவை எனக்கு அனுப்பி, “உச்சரிப்பு சரிதானா, ஐயா?” என்று கேட்டார்கள். சங்கீதம் 136. அதன் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடியும்: “அவர் கிருபை என்றுமுள்ளது.” எபிரேயத்தில் மூன்றே சொற்கள்: கி லெஓலாம் ஹஸ்தோ. அவர்கள் பாடியது ‘கி லெயோலாம் சாஸ்டோ’. 26 தடவையும். ஹஸ்தோ என்றால்தான் ‘அவர் கிருபை’. பாட்டே நிற்பது அந்தச் சொல்லின் மேல், சிதைந்ததும் அதுதான். ஸ்டுடியோ வாடகை கட்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். எபிரேயம் கற்பிக்கிற எனக்கு இந்த வருடம் இப்படி வந்த நான்காவது பதிவு இது.

“எபிரேயம் தெரியாவிட்டால் என்ன, இங்கிலீஷில் போட்டிருக்கிறதே, அப்படியே வாசிக்கலாம்” என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஐயா, அம்மா, அந்த எழுத்துகள் ஆங்கில உச்சரிப்புக்காகப் போட்டவை அல்ல. ஹஸ்தோவின் முதலெழுத்து ஹேத். அந்த ஒரே எழுத்தை ஒரு புத்தகத்தில் ‘சி, ஹெச்’ என்று எழுதுவார்கள், இன்னொன்றில் ‘கே, ஹெச்’ என்று. ஆய்வு நூல்களில் ‘ஹெச்’ போட்டுக் கீழே ஒரு புள்ளி. மூன்றும் ஒரே ஒலிதான். சாக்லேட்டில் வரும் ச வேதாகம எபிரேயத்தில் கிடையவே கிடையாது. ‘சி, ஹெச்’சைப் பார்த்ததும் வாய் ச-வுக்குப் போனால் தப்பு, எப்போதுமே தப்பு. ‘ஜே’யும் அப்படித்தான், அதை ய என்றே சொல்ல வேண்டும். தமிழ் வேதாகமம் யாக்கோபு, யோசேப்பு என்று நெருக்கமாகவே எழுதி வைத்திருக்கிறதே!

சரி, ஹேத்தை எப்படிச் சொல்வது? தமிழ் வாய்க்கு இது கஷ்டமே இல்லை. ‘மகன்’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவிலுள்ள க முழுதாக அடைபடாமல் உரசிக்கொண்டு போகிறதல்லவா? அந்த உரசலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, குரலை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் விடுங்கள். இன்று இஸ்ரேலில் பெரும்பாலோர் சொல்லும் ஹேத் வந்துவிடும். (யேமன் யூதர்கள் இன்னும் கீழே, தொண்டையிலிருந்து சொல்வார்கள். கேட்க அவ்வளவு அழகு.)

தமிழ் நம்மைக் கவிழ்க்கிற இடம் வேறு. லெ, ஓலாம் இரண்டும் சேரும்போது உடம்படுமெய் தானாக நுழைந்து ‘லெயோலாம்’ ஆகிவிடுகிறது. ஓலாம், அயின் என்ற மெய்யெழுத்தில் தொடங்கும் சொல், அங்கே ய் கூடாது. குரலை ஒரு கணம் நிறுத்தி ‘ஓ’ சொல்லுங்கள். ஹஸ்தோவின் தோ, ‘பந்தோ’ என்பதில் வருவதுபோல ஒலிக்க வேண்டும், ‘அஸ்தமனம்’ போல அல்ல. அழுத்தம் கடைசி அசையில்.

இன்னொன்று. முதல் வசனத்திலேயே கடவுளின் நான்கெழுத்துத் திருநாமம் வருகிறது. யூதர்கள் அதை எழுதியபடி உச்சரிப்பதில்லை, அதோனாய் என்றே வாசிப்பார்கள். அவர்கள் முன்னிலையில் பாடும்போது தயவுசெய்து நீங்களும் அப்படியே வாசியுங்கள்.

தாளைப் பார்ப்பதற்கு முன் எபிரேயம் தெரிந்தவர் வாசித்த பதிவைக் கேளுங்கள். அந்தக் குழுவிடம் மறுபடி பதிவு செய்யப் பணமில்லை. ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்னாலேயே பல்லவியை மட்டும் ஃபோனில் பாடி அனுப்புங்கள், திருத்திக் கொடுக்கிறேன். காசு வேண்டாம்.