எடை ஏறுது, கை ஏறலையே?

"மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். தூக்கும் டம்பிள்ஸ் எடை இரட்டிப்பாகிவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. கூட வருகிற அண்ணன் தசை வளர ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

கை வளராமல் எடை மட்டும் எப்படி இரட்டிப்பானது? முதல் சில வாரங்களில் தேறுவது பெரும்பாலும் நரம்பு. இருக்கிற தசையையே கூடுதலாக முடுக்கிவிட மூளை பழகிக்கொள்கிறது. சதை அப்புறம்தான் வரும்.

அது வருகிற விதம்தான் அழகு. நம் உடம்பின் பெரும்பாலான செல் வகைகளில் உட்கரு ஒன்றுதான். தசையிழையிலோ நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள பகுதிக்கு மேஸ்திரி மாதிரி. புரதம் கட்டும் உத்தரவு அங்கிருந்துதான் போகும். ஒரு மேஸ்திரி எவ்வளவு இடத்தைத்தான் கவனிக்க முடியும்? இழை நன்றாகப் பருக்க வேண்டுமானால் புது மேஸ்திரிகள் வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் உட்கருக்களால் பிரிந்து பெருக முடியாது.

அதற்கென்றே இழையின் ஓரத்தில், டீக்கடை பெஞ்சில் வேலைக்குக் காத்திருப்பவர்கள் போல, சில செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. 1961-இல் விஞ்ஞானி அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் இவற்றைக் கண்டு சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். பாரம் ஏறி இழை இழுபடும்போது இவை விழித்து, பெருகி, இழையோடு கலந்து தம் உட்கருவை அதற்கே கொடுத்துவிடுகின்றன.

நார்வேயின் ஆஸ்லோவில் கிறிஸ்டியன் குண்டர்சனின் ஆய்வுக் குழு 2010-இல் எலிகளின் தசைக்குப் பாரத்தைக் கூட்டிப் பார்த்தது. ஆறாம் நாளே உட்கருக்கள் கூடத் தொடங்கின. தடிமன் கூடியது ஒன்பதாம் நாளில்தான். பிறகு நரம்பைத் துண்டித்ததும் தசை சூம்பிப்போனது, புதிதாக வந்த உட்கருக்களோ போகவில்லை. வேலை நின்றும் மேஸ்திரிகள் வீட்டுக்குப் போகவில்லை! மனிதர்களிலும் அப்படியேதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தசையில் உட்கருவை எண்ணுவதால் யாருக்கும் புரோட்டீன் டப்பா விற்காது. இப்படிப்பட்ட ஆய்வுக்கெல்லாம் அரசாங்கம்தான் பணம் தர வேண்டும் என்பது என் வாதம்.

சரி, ஊசிக்கு வருவோம். வேலை செய்யாது என்று பொய் சொல்ல மாட்டேன். 1996-இல் அமெரிக்காவில் ஷலேந்தர் பாசின் குழு 43 ஆண்களை நான்கு பிரிவாக்கிச் சோதித்தது. மருந்து, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்: வாரம் 600 மில்லிகிராம், 10 வாரம். மருந்து மட்டும் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 3 கிலோ கூடியது, பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2, இரண்டும் சேர்ந்தால் 6. ஆனால் அந்தச் சோதனைக்கே எடை தூக்கிப் பழகியவர்களைத்தான் சேர்த்தார்கள்.

நீங்களோ மூன்று மாதம்தான் தூக்கியிருக்கிறீர்கள். தசை மட்டும் வேகமாக ஏறினால் போதாது. அதை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது நிதானமாகத்தான் தேறும். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து டென்மார்க்கில் கணக்கிட்டார்கள்: குதிகால் நாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறதாம். புதுத் தசை, பழைய கயிறு.

இன்னொன்று. ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், 'இருப்பு நிறைய இருக்கிறது' என்று மூளை விந்தகங்களுக்குத் தரும் சமிக்ஞையை நிறுத்திவிடும். அவை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தினாலும் பழையபடி சுரக்க மாதக்கணக்காகலாம், சிலருக்கு அதற்கும் மேல்.

ஆகவே தம்பி, மூன்று மாதத்தில் ஊசி வேண்டாம். இரண்டு மூன்று வருடம் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், நன்றாகத் தூங்குங்கள். தினமும் நாலு பச்சை முட்டை குடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேரும், பச்சை முட்டையில் பாதிதான். முதலில் அடுப்பைப் பற்ற வையுங்கள்.