சோயா விதைத்தவருக்கு மக்காச்சோள மானியம்

"அமெரிக்காவில் வயல் முழுக்கச் சோயா போட்டவருக்கு மக்காச்சோள மானியம் வருகிறதாமே, இது மோசடி இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை, சட்டமே அப்படித்தான்.

அங்கே பணம் இந்த ஆண்டு விதைத்ததற்கு அல்ல. 'அடிப்படை ஏக்கர்' என்று பதிவேட்டில் ஏறிய பழைய கணக்குக்கு. பெரும்பாலும் 1998–2001இல் விதைத்ததை வைத்து எழுதியது. 2014 வேளாண் சட்டத்தின்போது சிலர் 2009–2012 விதைப்பின்படி பயிர்ப் பங்கை மாற்றிக்கொண்டார்கள். மானியத்தைப் பார்த்து யாரும் பயிரை மாற்றக் கூடாது என்பது நோக்கம். அதிலும் 85 சதவீத ஏக்கருக்குத்தான் பணம்.

திட்டங்கள் இரண்டு. பி.எல்.சி. (விலை இழப்புக் காப்பு) எளிது: தேசியச் சராசரி விலை, சட்டம் வகுத்த குறிப்பு விலைக்குக் கீழே போனால் வித்தியாசம் கைக்கு வரும். 2014 சட்டப்படி மக்காச்சோளத்துக்கு அந்த விலை புஷலுக்கு (25.4 கிலோ) 3.70 டாலர். இன்னொன்று ஏ.ஆர்.சி. (வேளாண் இடர்க் காப்பு); இது கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின், ஏக்கர் வருமானத்தைப் பார்க்கிறது; அது உத்தரவாத அளவுக்குக் கீழே போனால் பள்ளத்தை நிரப்புகிறது. அழகெல்லாம் இதற்குள்தான்.

2014 பயிருக்கு முந்தைய ஐந்து ஆண்டு விலைகள்: 3.55, 5.18, 6.22, 6.89, 4.46. குறிப்பு விலைக்குக் கீழே இருப்பதால் 3.55 என்பது 3.70 ஆக ஏற்றப்படும். இனி உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு மீதி மூன்றுக்குச் சராசரி எடுத்தால் 5.29. இதற்கு ஒலிம்பிக் சராசரி என்று பெயர். கவுண்டி மகசூலுக்கும் தனியாக இதே கணக்கு. தனித்தனியாக எடுப்பதில்தான் சூட்சுமம்: 2012 வறட்சியில் விலை உச்சம், பல கவுண்டிகளில் மகசூல் அடிமட்டம். ஆகவே அந்த ஒரே ஆண்டு விலைப் பட்டியலில் மேலிருந்தும் மகசூல் பட்டியலில் கீழிருந்தும் கழன்றுவிடுகிறது!

ஒரு கவுண்டியின் மகசூல் சராசரி ஏக்கருக்கு 160 புஷல் என்று வைப்போம். 160 × 5.29 = 846.40 டாலர். அதில் 86 சதவீதம், 727.90, உத்தரவாதம். 2014இல் விலை 3.70க்கு விழுந்தது. கவுண்டி 165 புஷல் விளைத்திருந்தால் வருமானம் 610.50, பள்ளம் 117.40. ஆனால் உச்சவரம்பு 846.40இல் பத்தில் ஒன்று, 84.64. அதில் 85 சதவீதம், அடிப்படை ஏக்கருக்கு 71.94 டாலர். பி.எல்.சி. எடுத்தவருக்கு? விலை சரியாக 3.70இல் நின்றதால் பூஜ்யம்.

அயோவா மாநிலத்தில் 99 கவுண்டிகள். எல்லைச் சாலைக்கு அந்தப் பக்கத்துக் கவுண்டியின் சராசரியும் 160 தான், ஆனால் அந்த ஆண்டு 197 புஷல் விளைந்தது என்றால் வருமானம் 728.90. ஒரு டாலரில் உத்தரவாதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு காசு வராது. தன் வயல் மட்டும் ஆலங்கட்டியில் அழிந்தவருக்கும் இதே கதிதான். கிராமம், பிர்கா அளவில் மகசூல் பார்க்கும் நம் பயிர்க் காப்பீட்டிலும் மனக்கசப்பு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. எல்லாம் மகசூல் புள்ளிவிவரத்தின் தரத்தைப் பொறுத்தது. அப்படியிருக்க, 2024இல் அமெரிக்க வேளாண் புள்ளியியல் சேவை பணமில்லை என்று கவுண்டி மதிப்பீடுகளையே நிறுத்துவதாக அறிவித்தது, பிறகு பின்வாங்கியது. கோடிக்கணக்கில் பங்கிட்டுவிட்டு அளவுகோலில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை.

பணம் உடனே வராது. மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடிகிறது. அதனால் 2014 பயிருக்கு 2015 அக்டோபரில்தான் பட்டுவாடா. இன்னொரு சிக்கல், பழைய நல்ல விலைகள் ஒவ்வொன்றாகப் பட்டியலை விட்டுப் போக, 5.29 ஆக இருந்த சராசரி 2017இல் 3.95 ஆகவும் 2018இல் 3.70 ஆகவும் இளைத்தது. அப்போது ஐந்தாண்டுக்கு ஒரே தேர்வு, மாற்ற முடியாது, ஏ.ஆர்.சி. எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2021 முதல் ஆண்டுதோறும் மாற்றலாம். 2025 சட்டம் குறிப்பு விலையை 4.10 ஆகவும், உத்தரவாதத்தை 90 சதவீதமாகவும், உச்சவரம்பை 12 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அது தானாகவே கிடைக்கும்.