ஷோரூம் 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்: பட்ஜெட் பைக் வாங்கும் முன்

பேரையூரில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். மதுரை இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சாப்டூர், எழுமலைப் பக்கத்துச் சிற்றூர்க்காரர்கள். சங்கத்துக்குப் பால் கொண்டு போகவும், விடியுமுன் பூ மூட்டையைப் பேருந்தில் ஏற்றவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஒரே வண்டியை நம்பியிருப்பவர்கள். புது வண்டி வாங்கும்போது இவர்கள் எந்த வண்டி, என்ன மைலேஜ் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். ஆனால், வாங்கிய பிறகு அந்த வண்டியை எங்கே, எத்தனை முறை கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று விசாரித்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விவசாயி தன் 100 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்ஜினில் ஆயில் கசிவு. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது என்பதால், வாரண்டியில் சரிசெய்து தருவார்களே என்றேன். “அண்ணே, பக்கத்துல கேட்டதைவிட மதுரையில 2,500 ரூபாய் கம்மியாக் குடுத்தாங்க, அதான் அங்க எடுத்தேன். இப்பப் போனா, முதல் சர்வீஸே விடலையே, வாரண்டி கிடையாதுங்கிறாங்க” என்றார். நம்பர் பிளேட்டுக்கு ஒரு முறை, ஆர்.சி. புத்தகத்துக்கு இரண்டு முறை, இந்தக் கசிவுக்காக ஒரு முறை என நான்கு நாள் வேலையை விட்டுவிட்டு அவர் மதுரைக்குப் போய் வந்திருக்கிறார். மிச்சம் பிடித்த 2,500 ரூபாய் அதிலேயே கரைந்துவிட்டது. தவறு முழுவதும் அவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். இலவச சர்வீஸுக்கான கூப்பன் புத்தகத்தைத் திறந்து காட்டி, இந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

முதல் சர்வீஸைப் பெரும்பாலான நிறுவனங்கள் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் செய்யச் சொல்கின்றன. அதோடு நாள் கணக்கும் உண்டு, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே கெடு. அந்த முதல் ஆயிலில்தான் புது என்ஜினின் உள் பாகங்கள் உரசிக் கழிந்த உலோகத் துகள்கள் சேர்ந்திருக்கும் என்பதால், வாரண்டிக்காக மட்டுமன்றி, வண்டியின் ஆயுளுக்காகவும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இலவச சர்வீஸை வாங்கிய ஷோரூமிலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. அதே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம் எதுவாக இருந்தாலும் போதும். ஆகவே திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ எந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம் உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வண்டியை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள். சிறிய ஊர்களில் உள்ள துணை விற்பனையாளரிடம் வாங்குவதிலும் பிழையில்லை. பில் யார் பெயரில் வருகிறது, ஆர்.சி. எங்கே கைக்கு வரும் என்ற இரண்டை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பிளெண்டர், பிளாட்டினா, டி.வி.எஸ். ஸ்போர்ட் போன்று பல ஆண்டுகளாக ஓடும் வண்டிகளுக்குக் கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கின்றன. புதிதாக வந்த மாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு கேபிளுக்காக மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால், அது நம் பக்கத்துக்கு விலை குறைந்த வண்டி ஆகாது.

இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது இன்ஜெக்‌ஷன் பற்றி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, பெரும்பாலான சிறிய வண்டிகளிலும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பழைய வண்டியில் பேட்டரி செத்துப்போனாலும் உதைத்து எடுத்துவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பும் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியும் மின்சாரத்தை நம்பியிருப்பவை. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் எவ்வளவு உதைத்தாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். அந்தப் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ந்தபடி வேலை செய்கிறது. பெட்ரோல் பங்க் தொலைவில் இருக்கிறது என்பதற்காக டேங்கைக் காய விட்டு ஓட்டினால் பம்ப் சூடாகிக் கெடும். பெட்டிக் கடையில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். பாட்டிலின் அடியில் படிந்த தூசியும் சேர்ந்துகொண்டால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்கிறது. இத்தகைய வண்டியை வாங்குவதற்கு முன், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கோளாற்றைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் இருக்கிறதா என்று உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேளுங்கள். இல்லையென்று அவர் சொன்னால், அந்த விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் சர்வீஸ் நிலையம் வரை செல்ல வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. எக்ஸ்ஷோரூம் விலைக்கு மேல் சாலை வரியும் காப்பீடும் சேர்வது இயல்பு. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 ஆண்டுகளுக்குக் கட்டாயம் என்பதால் அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். இவற்றுக்கு அப்பால் பில்லில் வேறு பெயர்களில் ஏதாவது தொகை இருந்தால், அது எதற்கு என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தவணைக்கு வாங்குவோர் வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டே ஆக வேண்டும். 70,000 ரூபாய்க் கடனுக்கு மூன்று ஆண்டு, 12 விழுக்காடு பிளாட் வட்டி என்றால், வட்டி மட்டும் 25,200 ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 2,645 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், குறையும் அசல் முறையில் இது ஏறத்தாழ 21 விழுக்காட்டுக்குச் சமம். நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில் சாவி கைக்கு வந்ததும் புறப்பட்டுவிடாதீர்கள். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பில்லோடு ஒத்திருக்கின்றனவா, வண்டி எந்த மாதம் தயாரானது, இரண்டாவது சாவி, காப்பீட்டுத் தாள், கூப்பன் புத்தகம், கருவிப் பை எல்லாம் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் நின்று பாருங்கள். பதிவு எண் பொருத்தாமல் புது வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பது சட்டம். “வண்டிய எடுத்துட்டுப் போங்க, பிளேட்டுக்கு அப்புறம் வாங்க” என்று சொன்னால், பிளேட் பொருத்திய பிறகே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். 100 கிலோமீட்டர் போய் வரும் ஒரு பயணம் அதிலேயே மிச்சம்.

கடன் முடிந்த அன்று செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிதி நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்க வேண்டும். தவணை முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வண்டியை விற்க வந்த ஒருவருக்கு, இந்தக் குறிப்பு நீங்காததால் விற்பனை நின்றுபோனது. கடன் கொடுத்த கிளை அதற்குள் ஊரை விட்டே போயிருந்தது. அந்தச் சான்றுக்காக அவர் மூன்று மாதம் அலைந்தார்.