எட்ஜ் எஃபெக்ட்: விளிம்பா, ஓரமா?

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகும் ரோட்டில், காடு தொடங்கியதும், மழை விட்ட காலையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஈரம் தேங்கியிருக்கும். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து அதிலுள்ள உப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒரு பஸ் கடந்தால் அந்தக் காற்றில் மொத்தக் கூட்டமும் கிளம்பும். பல திரும்ப வந்து உட்காரும். சில தாரில் ஒட்டிக் கிடக்கும்.

காட்டை ரோடு வெட்டும் இடத்தில் நடக்கிற மாற்றங்களைச் சூழலியலில் ‘எட்ஜ் எஃபெக்ட்’ என்கிறார்கள். எட்ஜ் பழைய ஆங்கிலத்தில் வாளின் வெட்டுவாயைக் குறித்த சொல். 1933-இல் அமெரிக்கரான ஆல்டோ லியோபோல்ட் இந்தத் தொடரைக் கையாண்டபோது அது நல்ல சேதி: காடும் வெளியும் சேருமிடத்தில் வேட்டை விலங்குகள் அதிகம் என்றார். காடுகள் துண்டு துண்டான பிறகுதான் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தது.

பாடநூல் தரும் தமிழ் ‘விளிம்பு விளைவு’. விளைவில் தகராறு இல்லை. விளைச்சலோடு பிறந்த சொல், நம் கழனிச் சொல். விளிம்புதான் இடிக்கிறது. தட்டுக்கு விளிம்பு உண்டு, கிணற்றுக்கு உண்டு. அது ஒரு கோடு, அகலம் கிடையாது. ரோடு உண்டாக்குவதோ ஒரு பட்டை. மரக்கிளை விலகியதும் வெயிலும் காற்றும் காட்டுக்குள் நுழைகின்றன, சருகு காய்கிறது. ஈரச் சருகுக்கு அடியில் வாழும் தரைவண்டுகள் அங்கேயே திரும்பிவிடுகின்றன. ஜெர்மனியில் மாடர் என்ற ஆய்வாளர் வண்டுகளுக்கு அடையாளமிட்டு விட்டுப் பார்த்தார். அவை சாலையைத் தாண்டுவதே அரிது என்று 1984-இல் எழுதினார். நமக்கு ஒரே காடு, வண்டுக்கு இரண்டு.

தார் இன்னொரு ஏமாற்றும் செய்யும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி தண்ணீரில் தெறிப்பதைப் போலவே சில பூச்சிகளுக்குத் தெரிகிறது. ஓடையில் முட்டையிட வேண்டிய மேஃபிளை பூச்சிகள் காய்ந்த ரோட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதை ஹங்கேரியில் கண்டு 1998-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, வேறு சொல்? ‘ஓர விளைவு’ என்பேன். ரோட்டோரம், ஏரியோரம் என்றாலே அகலம் வந்துவிடுகிறது: மாடு கட்டலாம், டீக்கடை போடலாம். அப்புறம், ஓரம் என்றால் ஒருபக்கச் சார்பும்தான். ஓரவஞ்சனை என்கிறோமே, அந்த ஓரம். வெயில் விரும்பும் பட்டாம்பூச்சிக்கு உண்ணிச்செடிப் பூவை நீட்டும் அதே ரோட்டோரம், சருகு வண்டுக்கு வழியை அடைக்கிறது.

பரீட்சையில் மட்டும் ‘விளிம்பு விளைவு’ என்றே எழுதுங்கள். மார்க் போய்விடும்.