வண்டி கிளம்பும் முன் ஒரு நிமிடம் போன் செய்யுங்கள்

"பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்." இந்த இரண்டே வரி எழுதிய சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாய்மார்கள் எங்கள் சீமாங் மையத்துக்கு (பிரசவ, பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை மையம்) இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். பிரசவம் எத்தனை மணிக்கு? நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா? உள்ளே துணி வைத்து அடைத்திருக்கிறதா, எத்தனை? சீட்டில் எதுவும் இல்லை. கூட வந்த மாமியாரைக் கேட்டால் "ஏதோ ஊசி போட்டாங்க" என்கிறார். அந்தப் பதற்றத்தில் அவர் வேறென்ன சொல்ல முடியும்?

"108-ல் ஏற்றியாச்சு, அவங்களே சொல்லிடுவாங்க" என்ற நினைப்பை, அனுப்பி வைக்கும் செவிலியர்களே, முதலில் விடுங்கள். ஆம்புலன்ஸ் பணியாளர் நோயாளியைப் பார்த்ததே வண்டியில் ஏற்றும்போதுதான். இப்போதைய நாடியும் பிரஷரும் அவருக்குத் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன் எப்படி இருந்தது, ரத்தம் நிற்க இறுக வேண்டிய கர்ப்பப்பை எந்த மருந்துக்கு இறுகியது, எதற்கு இறுகவில்லை என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

இதைவிட மோசமான நினைப்பு இன்னொன்று: "பெரிய ஆஸ்பத்திரிதானே, எல்லாம் தயாரா இருக்கும்." இருக்காது. இரவு இரண்டரை மணிக்குத் தியேட்டரில் வேறொரு சிசேரியன் நடந்துகொண்டிருக்கலாம். மயக்க மருத்துவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். ரத்த வகை பார்த்து முழுப் பொருத்தமும் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். நீங்கள் போனில் வகையைச் சொன்னால் ரத்த வங்கி அந்த வகைப் பைகளை எடுத்து வைக்கும், இரண்டாவது மேசை தயாராகும், வீட்டிலிருக்கும் மூத்த மருத்துவர் கிளம்பியிருப்பார். சொல்லாவிட்டால் இந்த வேலைகளெல்லாம் நோயாளி வாசலில் இறங்கிய பிறகுதான் தொடங்கும். அதுவரை ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

என்ன சொல்வது? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு வரிசை உண்டு: இப்போது என்ன நிலை, அதற்கு முன் நடந்தது என்ன, நீங்கள் கணிப்பது என்ன, எங்களிடம் என்ன வேண்டும். கிட்டத்தட்ட இப்படி:

"ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன் டாக்டர். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு, இதுவரை 900 மில்லி. பல்ஸ் 124, பிரஷர் 90/60. வயசு 24, ரெண்டாவது பிரசவம், 2:10-க்குப் பிறந்தது, நஞ்சு முழுசா வந்துடுச்சு. ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில போட்டாச்சு, 20 யூனிட் சலைன்ல ஓடுது. டிரானெக்ஸாமிக் 1 கிராம் 2:35-க்கு. ஓ பாசிட்டிவ், ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பப்பை இறுகல, ஷாக்குக்குப் போறாங்க. தியேட்டரும் ரத்தமும் வேணும். 2:50-க்குக் கிளம்புறோம், நான் கூட வர்றேன்."

ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்பவர் எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும், "சரி, வரட்டும்" என்பது பதிலாகாது. யாரிடம் பேசினீர்கள் என்று பெயரையும் நேரத்தையும் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

"நாலு துணி நனைஞ்சுது" என்பதை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது. நனைந்த துணியை எடை போட்டு, காய்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் என்றால் 1 மில்லி. பிரஷர் 100 இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். இளம்பெண்களின் உடம்பு கடைசி வரை பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும். நாடியை மேல் பிரஷரால் வகுத்துப் பாருங்கள், 0.9-ஐத் தொட்டாலே ஆபத்து.

மருந்து கொடுத்த நேரத்தை ஏன் இத்தனை முறை கேட்கிறோம்? ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அரை மணி நேரம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டால் இன்னொரு 1 கிராம். ரத்தப்போக்கு மட்டுமல்ல, பிரசவகால வலிப்பிலும் இதே கதைதான்: மக்னீசியம் சல்பேட் புட்டத்துக்கு 5 கிராம் வீதம் மொத்தம் 10 கிராம் போட்டு அனுப்பிவிட்டு அதை எழுதாமல் விட்டால், இங்கே முதல் டோஸை மறுபடி போட்டுவிடுவார்கள், மூச்சு அடங்கிவிடும். போட்டிருப்பார்களோ என்று தயங்கி நிறுத்தினால் மறுபடி வலிப்பு வரும். பிளாஸ்திரியில் மருந்து, அளவு, நேரம் எழுதிக் கையில் ஒட்டி அனுப்புங்கள். மக்னீசியம் அதிகமானால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் வண்டியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் இரண்டு கையிலும் நரம்பில் போட்டு வைக்கும் பெரிய ஊசி: சாம்பல் அல்லது பச்சை நிறம். மெல்லிய நீல ஊசியில் ரத்தத்தை வேகமாக ஏற்ற முடியாது. யூரின் டியூப், கம்பளி.

ஷாக் தடுப்பு உடை (கால்களையும் வயிற்றையும் இறுக்கிக் கட்டும் பட்டைகள்) போட்டு வந்தால், இந்தப் பக்கம், சீமாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பரிசோதிக்கும் அவசரத்தில் அதை உருவாதீர்கள். அது இருக்கும்போதே பிறப்புறுப்புப் பரிசோதனை செய்யலாம். ரத்தப்போக்கு நின்று நிலைமை சீரான பிறகு, கணுக்காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பட்டையாக, 15 நிமிட இடைவெளியில் கழற்றுங்கள். பிரஷர் 20 இறங்கினாலோ நாடி 20 ஏறினாலோ உடனே திரும்பக் கட்டுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. "ஏம்மா இவ்வளவு லேட்டா அனுப்புற?" என்று போனிலேயே கத்தினால் அந்தச் செவிலியர் அடுத்த முறை போன் செய்யமாட்டார், இன்னும் தாமதமாக அனுப்புவார். தயவுசெய்து கத்தாதீர்கள். கேட்க வேண்டியதை மறுநாள் கேளுங்கள், தாய் எப்படி இருக்கிறார் என்பதையும் அப்போது சொல்லுங்கள். கூட வந்தவர் விவரம் சொல்லும் அரை நிமிடம் மற்றவர்கள் வாயை மூடிக் கேளுங்கள். இதய மசாஜ் தேவைப்படும் நிலை மட்டும் விதிவிலக்கு.

பிரசவ அறைச் சுவரில் இருக்கும் எண்ணை இன்றே பாருங்கள். பல இடங்களில் அது பகலில் மட்டும் ஆள் இருக்கும் அலுவலக எண். சீமாங் லேபர் வார்டின் டூட்டி எண்ணையும் ரத்த வங்கி எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை, இரவு டூட்டியில் அழைத்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.